சைக்கிள் மோட்டாரின் ஹெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண சைக்கிளின் சட்டத்துக்குள் பொருத்தி ஓட்டுவதற்காகச் சீனாவில் தயாராகும் இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்டிகள் (இன்ஜினும் பொருத்தும் பாகங்களும் சேர்ந்த ‘கிட்’) உலகமெங்கும், குறிப்பாக அமெரிக்காவில், பெருமளவில் விற்பனையாகின்றன. விலை குறைவு, அமைப்பு எளிது, உதிரி பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். இந்த இன்ஜின்களில் அதிகம் குறை சொல்லப்படும் பாகமும், அதிகம் மாற்றப்படும் பாகமும் சிலிண்டர் ஹெட்தான், அதாவது சிலிண்டரின் மேல் வாயை மூடும் உலோக மூடி. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

80 சி.சி. என்று போட்டிருக்கிறதே, உண்மையில் கொள்ளளவு எவ்வளவு?

ஹெட்டைப் பற்றிய எந்தக் கணக்கும் கொள்ளளவில் தொடங்குவதால் இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பரவலாக விற்கப்படும் பெரிய இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 47 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 38 மி.மீ. அல்லது 40 மி.மீ. முதலாவது 66 சி.சி., இரண்டாவது 69 சி.சி.க்குச் சற்றுக் கூடுதல். 80 என்பது பெட்டியின் மேல் அச்சடித்த எண் மட்டுமே. 49 அல்லது 50 என்று விற்கப்படும் சிறிய இன்ஜின் 40 மி.மீ. விட்டமும் 38 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்டது; அது 48 சி.சி.க்குச் சற்றுக் குறைவாக வரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மொபெட்டுக்கான வரம்பு 50 சி.சி.யை ஒட்டி இருப்பதால் இந்த அளவு அங்கே செல்லுபடியாகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டமோ, நான்கு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.யைத் தாண்டாத இன்ஜின் இருந்தால் மட்டுமே அதை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது என்பதை, இணையத்தில் பார்த்து ஆசைப்படும் தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

38-க்கும் 40-க்கும் இடையிலான இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஸ்ட்ரோக் 2 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 1 மி.மீ. கூடுதலாக ஏறும். ஒன்றின் பிஸ்டனை மற்றதில் போட்டவர்களுக்கு ஹெட்டில் பிஸ்டன் இடிப்பதும், அல்லது அளவுக்கு மீறிய இடைவெளி மேலே நிற்பதும் இதனால்தான்.

பெட்டியோடு வரும் ஹெட்டில் அப்படி என்ன குறை?

மூன்று குறைகள் உண்டு. அவை ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

முதலாவது, எரியறையின் வடிவம். பல ஹெட்டுகளில் எரியறை என்பது சிலிண்டரின் விளிம்புவரை விரிந்த ஆழமற்ற ஒரு குழி. கவிழ்த்த கிண்ணம் போலிருக்கும். கலவையை நடுவுக்கு நெருக்கித் தள்ளும் விளிம்புப் பட்டை அதில் இருப்பதில்லை, அல்லது பெயருக்கு இருக்கும். இரண்டாவது, பிஸ்டன் மேல்முனையை அடைந்த பிறகும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடுவது. பிஸ்டன் 1.2 மி.மீ. கீழே நிற்கிறது, கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) 1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டின் குழியைக் கணக்கில் சேர்க்காமலேயே 2.2 மி.மீ. இடைவெளி உருவாகிவிடுகிறது. 47 மி.மீ. விட்டத்துக்கு அது மட்டும் 3.8 சி.சி. மூன்றாவது, ஹெட்டின் அடிப்பரப்பு சமமாக இல்லாமை.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஹெட்டை வடித்தவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பிஸ்டனை கனெக்டிங் ராடோடு கோக்கும் ஊசியான பிஸ்டன் பின்னின் உயரமும் கேஸ்கெட்டின் தடிமனும் தொகுதிக்குத் தொகுதி மாறும் ஓர் இன்ஜினுக்கு, எந்தச் சேர்க்கையிலும் இடிக்காத ஹெட் வேண்டுமானால் தாராளமான குழி வைப்பதே பாதுகாப்பான வழி. உண்மையில் குறை, ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள பாகங்களுக்கும் இடையிலான பொருத்தத்தில் இருக்கிறது. இதை உணராமல் ஹெட்டை மட்டும் மாற்றுபவர் பணத்தை வீணாக்குவார்.

ஸ்குவிஷ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் நடுவே சிக்கும் கலவை, இடம் இல்லாமல் பிதுங்கி நடுவிலுள்ள எரியறைக்குள் வேகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் கலவையைக் கலக்கிவிடுவதால் தீ விரைவாகப் பரவுகிறது. இந்த எண்ணத்தை 1919 வாக்கில் பக்கவால்வு இன்ஜின்களுக்கான ஹெட்டில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. பிற்பாடு இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜின்களிலும் இது வழக்கமாயிற்று.

ஆனால் கலக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஓரத்தில் எஞ்சும் கலவையைப் பற்றியது. பிளக்கிலிருந்து கிளம்பிய தீ கடைசியாகச் சென்றடையும் இடம் அந்த ஓரம். நடுவில் எரிவதால் எழும் அழுத்தமும் வெப்பமும் ஓரத்துக் கலவையைத் தாமாகவே வெடிக்கச் செய்தால் அதுவே நாக்கிங், அதாவது தட்டல். இடைவெளி ஏறத்தாழ 1 மி.மீ.க்குள் இருந்தால், மேலும் கீழுமுள்ள உலோகப் பரப்புகள் அந்த மெல்லிய படலத்தின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். கலவையும் மிகக் குறைவாகவே அங்கே இருக்கும். 2 மி.மீ. இடைவெளியில் இந்த இரண்டு நன்மையும் கிடைப்பதில்லை. ஆகவே, அகன்ற இடைவெளியுள்ள ஒரு ஹெட் குறைந்த கம்ப்ரஷனிலும் (கலவை அமுக்கப்படும் அளவு) தட்டக்கூடும். சரியான இடைவெளியுள்ள ஹெட் அதைவிடக் கூடுதலான கம்ப்ரஷனிலும் அமைதியாக ஓடக்கூடும். கம்ப்ரஷன் கூடினால் நாக்கிங் கூடும் என்ற பொதுவிதியை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது முரணாகத் தோன்றும்.

பட்டையின் பரப்பு சிலிண்டர் பரப்பில் ஏறத்தாழ பாதி இருப்பது வழக்கமான தொடக்கப் புள்ளி. 47 மி.மீ. சிலிண்டரில் அதற்கு நடுக்குழியின் விட்டம் 33 மி.மீ.; சுற்றியுள்ள பட்டையின் அகலம் 7 மி.மீ.

என் இன்ஜினில் இடைவெளி எவ்வளவு என்று எப்படி அறிவது?

பற்றவைக்கப் பயன்படும் ஈயக்கம்பி ஒன்று போதும். எதிர்பார்க்கும் இடைவெளியைவிடத் தடித்த கம்பி வேண்டும், 3 மி.மீ. கம்பி எல்லா நிலைக்கும் ஒத்துவரும். ஹெட்டைக் கழற்றி, இரண்டு துண்டுகளைப் பிஸ்டனின் மேல், பிஸ்டன் பின் என்ற அந்த ஊசி கிடக்கும் திசையில், இரு பக்கமும் நுனி சிலிண்டர் சுவரைத் தொடும்படி சிறிது கிரீஸால் ஒட்டவைக்க வேண்டும். பின்னின் திசை முக்கியம். மற்ற திசையில் வைத்தால் பிஸ்டன் ஒருபுறம் சாய்ந்துகொண்டு பொய்யான அளவைக் காட்டும். பிறகு கேஸ்கெட்டோடு ஹெட்டைப் போட்டு, ஓட்டும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் முறுக்கி, பிளக்கைக் கழற்றிய நிலையில் இன்ஜினை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, மீண்டும் திறந்து, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும்.

நுனியை மட்டும் அளந்துவிட்டுக் கம்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் நீளம் முழுவதும் ஒரு கதை இருக்கிறது. நுனி 1.8 மி.மீ., அதிலிருந்து 5 மி.மீ. உள்ளே 1.3 மி.மீ. என்று வந்தால், பிஸ்டனின் தலை குவிந்திருக்கிறது, ஹெட்டின் பட்டையோ தட்டையாக இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பட்டை கலவையை நடுவுக்குத் தள்ளுவதற்குப் பதிலாக ஓரத்திலேயே பூட்டிவைக்கும். பட்டை இல்லாத ஹெட்டைவிட இது மோசம். இடைவெளி சீராகவோ, நடுவை நோக்கி இம்மியளவு விரிந்தோ இருக்க வேண்டும். இரு பக்கத் துண்டுகளுக்கும் இடையே 0.2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் ஹெட்டோ சிலிண்டரோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

நல்ல பேரிங்கும் கனெக்டிங் ராடும் உள்ள இன்ஜின்களில் இன்னும் நெருக்கமாகப் போவார்கள். இந்தப் பெட்டி இன்ஜின்களின் தரத்துக்கு 0.8 முதல் 1 மி.மீ. வரை நிறுத்திக்கொள்வதே நலம் என்பது என் கருத்து. அதிக வேகத்தில் ராட் நீளும், பேரிங் ஆட்டம் கூடும்; 0.5 மி.மீ. வைத்தவர்கள் பிஸ்டன் தலையில் ஹெட்டின் முத்திரையைப் பார்த்திருக்கிறார்கள்.

ஹெட்டை லேத்தில் அரை மில்லி எடுத்தால் கம்ப்ரஷன் எவ்வளவு கூடும்?

47 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 17.35 சதுர செ.மீ. குழி விளிம்புவரை விரிந்திருந்தால் 0.5 மி.மீ. எடுப்பது 0.87 சி.சி.யைக் குறைக்கும். 66 சி.சி. இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே மொத்தம் 12 சி.சி. இருந்தால் கம்ப்ரஷன் விகிதம் (66-ஐயும் 12-ஐயும் கூட்டி 12-ஆல் வகுத்தது) 6.5:1, அது 11.1 ஆகக் குறைந்தால் 6.9:1. ஓட்டிப் பார்த்தால் மேட்டில் லேசாக உணரலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 10 சி.சி.க்குக் கொண்டுவந்தால் 7.6:1 கிடைக்கும்.

கொள்ளளவை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பொருத்தி, நடுவே சிறு துளையிட்ட கண்ணாடித் தகட்டை லேசான கிரீஸ் தடவி மூடி, மண்ணெண்ணெயில் சிறிது இரண்டு-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சால் நிரப்பினால் குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும். அதனோடு கேஸ்கெட்டின் தடிமனுக்கும் பிஸ்டன் கீழே நிற்கும் ஆழத்துக்கும் உரிய அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் தலையின் குவிவைக் கழிக்க வேண்டும்.

அதே இன்ஜினுக்கு ஒருவர் 7.6 என்கிறார், இன்னொருவர் 5.3 என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. இரண்டு-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியதும் கலவை அமுங்குவதில்லை. சைலன்சர் பக்கத்து வாயில் மூடிய பிறகே அமுக்கம் தொடங்குகிறது. வாயிலின் மேல் விளிம்பு பிஸ்டனின் மேல்முனை நிலையிலிருந்து 25 மி.மீ. கீழே இருந்தால், உண்மையில் அமுக்கப்படுவது 43.4 சி.சி. மட்டுமே. மேலே 10 சி.சி. இருக்கும்போது 53.4-ஐ 10-ஆல் வகுத்தால் 5.3. முழு ஸ்ட்ரோக்கையும் கணக்கிட்டால் 7.6. விற்பவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று தெரியாமல் இரண்டு ஹெட்டுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

சிலிண்டரின் அடியிலுள்ள கேஸ்கெட்டை எடுத்துவிட்டால் இடைவெளி குறையுமே?

குறையும். கூடவே சிலிண்டரின் எல்லா வாயில்களும் கீழே இறங்கிவிடும். கழிவு வாயில் தாமதமாகத் திறக்கும், உச்ச வேகம் குறையும். அடியில் காற்றுக் கசியும் ஆபத்தும் சேரும். சிலிண்டரின் மேல் விளிம்பை லேத்தில் சீவினால் வாயில்கள் இருந்த உயரத்திலேயே இருக்கும். செலவு கூடினாலும் அதுவே முறையான வழி.

பிளக் சாய்வாக உள்ள ஹெட் நல்லதா, நேராக உள்ளதா?

சாய்வுப் பிளக் ஹெட்டின் முதல் பயன் இடவசதி: சட்டத்தின் மேல்குழாயிலோ பெட்ரோல் டேங்கிலோ பிளக் மூடி இடிக்காது. எரிதலைப் பொறுத்தவரை நடுவில் இருப்பதே சிறப்பு. நடுவிலிருந்து சிலிண்டர் சுவருக்குத் தீ 23.5 மி.மீ. கடந்தால் போதும், பிளக்கின் முனை 8 மி.மீ. ஒதுங்கினால் மறுபக்கத்துக்கு 31.5 மி.மீ. கடக்க வேண்டும். கடைசியில் எரியும் பக்கமே தட்டும் பக்கம்.

இதைவிட முக்கியமானது பிளக்கின் மரை நீளம். இந்த ஹெட்டுகளுக்கு 14 மி.மீ. விட்டமும் 12.7 மி.மீ. மரை நீளமும் கொண்ட பிளக் வேண்டும், என்.ஜி.கே. பி6எச்எஸ் இந்த அளவுடையது. நீண்ட மரையுள்ள பிளக்கைத் திணித்தால் மரைகள் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு பழுக்கக் காய்ந்து, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைக்கும், பிஸ்டனிலும் இடிக்கலாம். குட்டையாக இருந்தால் ஹெட்டின் மரைகளில் கரி படிந்து, அடுத்த முறை சரியான பிளக்கைப் போடும்போது அலுமினிய மரை கிழிந்துவிடும்.

புதிய கேஸ்கெட் போட்டும் ஹெட்டுக்கு அடியில் எண்ணெய் கசிகிறது. ஏன்?

எரியும்போது உச்ச அழுத்தம் 30 பார் என்று வைத்துக்கொண்டாலும் ஹெட்டை மேலே தூக்கும் விசை 5,200 நியூட்டன், அதாவது 500 கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் இன்ஜினில் நொடிக்கு 83 முறை இந்த இழுப்பு ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் மரையிட்ட கம்பிகளான நான்கு ஸ்டட்டுகளின் மேல் விழுகிறது. எனவே கசிவுக்குக் கேஸ்கெட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தொப்பி போட்ட நட்டுகளை. இந்த இன்ஜின்களில் ஹெட்டின் மேல் பளபளப்பான மூடிய நட்டுகள் வருகின்றன. ஸ்டட் சற்று நீளமாக இருந்தால் அதன் நுனி நட்டின் உள்கூரையைத் தொட்டுவிடும். ஸ்பேனர் நன்றாக இறுகியதாகக் கைக்குச் சொல்லும். ஆனால் நட்டு ஸ்டட்டின் மேல் இறுகியிருக்கிறதே தவிர ஹெட்டின் மேல் இறுகவில்லை. வாஷரை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் காரணம் கிடைத்துவிட்டது. திறந்த சாதாரண நட்டும் கெட்டியான வாஷரும் போட்டால் தீர்ந்துவிடும். அழகுக்காக வைத்த ஒரு தொப்பி இத்தனை கேஸ்கெட்டுகளைத் தின்றிருக்கிறது என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம்.

அடுத்து, பரப்பின் சமநிலை. தடித்த கண்ணாடியின் மேல் 400 எண் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து விரித்து, ஹெட்டின் அடிப்பரப்பில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எட்டு வடிவத்தில் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பது தெரிந்துவிடும். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். பெரும்பாலும் ஸ்டட் துளைகளைச் சுற்றி அழிந்து, நடுவில் அழியாமல் நிற்கும். எல்லாக் கோடும் அழியும்வரை, ஹெட்டை அவ்வப்போது கால் சுற்று திருப்பி, ஒரே பக்கம் அழுத்தம் விழாமல் தேய்க்க வேண்டும்.

ஒரு முறை இறுக்கிய நட்டு ஏன் மறுபடியும் தளர்கிறது?

அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. நீளத்தில் 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் 0.23 மி.மீ., எஃகு ஸ்டட் 0.12 மி.மீ. விரியும். இடையிலுள்ள 0.11 மி.மீ. ஸ்டட்டை இழுக்கிறது, கேஸ்கெட்டை நசுக்குகிறது. ஆறியதும் நசுங்கிய கேஸ்கெட் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அதனால் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில், குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும்.

பழைய வகையில் ஸ்டட் 6 மி.மீ.; பிந்தைய வகையில் 8 மி.மீ. சாதாரண தர 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 8 மி.மீ.க்குப் பொது அட்டவணைகள் 25 வரை சொல்லும். ஆனால் ஸ்டட்டின் மறுமுனை இன்ஜினின் அடிக்கூடான அலுமினிய கிராங்க்கேஸில் இறங்கியிருப்பதால் 16 முதல் 18 வரை நிறுத்திக்கொள்வேன். டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கி உடைந்த ஸ்டட், நல்ல ஸ்டட்டாக இருந்தாலும் உடைந்திருக்கும்.

ஹெட்டை மட்டும் கழற்றி மாட்டினேன். அதன் பிறகு இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஹெட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. நான்கு ஸ்டட்டுகளும் ஹெட்டையும் சிலிண்டரையும் ஊடுருவி கிராங்க்கேஸில் இறங்குகின்றன. மேலே நட்டைக் கழற்றினால் சிலிண்டரின் அடியும் தளர்கிறது. ஹெட்டைத் தட்டி எடுக்கும்போது சிலிண்டர் ஒரு நூலளவு தூக்கினாலும் அடிக் கேஸ்கெட் பிடிவிட்டுவிடும். அதன் வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோலும் ஆயிலும் விகிதத்தில் குறைந்து, பிஸ்டன் காய்ந்து பிடிக்கும். ஹெட்டைத் திறந்தால் அடிக் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

செம்பு கேஸ்கெட் போடலாமா?

போடலாம். ஒவ்வொரு முறையும் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு மென்மையாகி, பரப்பின் சிறு குறைகளை நிரப்பும். தடிமன் மாறுவதால் இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும்.

நாக்கிங் நடந்ததா என்று பின்னால் எப்படி அறிவது?

சைலன்சர் சத்தத்தில் தட்டல் காதில் விழுவது அரிது. பிஸ்டன் தலையின் ஓரத்தில், மணல் தெளித்து அடித்தாற்போல் நுண்ணிய குழிகள் இருக்கும். ஹெட்டின் ஓரத்திலும் அதற்கு நேரே அதே தடம் இருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. இந்த இன்ஜினில் பொறிக்கு மின்சாரம் தரும் சுழல் காந்தமான மேக்னெட்டோ ரோட்டார் கிராங்க்கில் சாவியிட்டுப் பொருத்தப்பட்டிருப்பதால் பொறியின் நேரத்தை எளிதில் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கம்ப்ரஷனைக் குறைப்பது, இடைவெளியைத் திருத்துவது, தரமான பெட்ரோல் போடுவது ஆகியவையே கைவசமுள்ள வழிகள். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் காணும் 87 என்பது இரண்டு அளவு முறைகளின் சராசரி; நாம் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) என்று சொல்லும் ஆர்.ஓ.என். கணக்கில் அது 91-ஐ ஒட்டி வரும். அங்கே ஒருவர் 87 போதும் என்று எழுதியிருந்தால் அதை அப்படியே இங்கே பொருத்திவிடக் கூடாது.

பெரிய ஃபின் (குளிர்விக்கும் தகடு) உள்ள ஹெட் வாங்கினால் சூடு குறையுமா?

குறையும், ஃபின்களுக்கு இடையே காற்று போனால். சைக்கிள் 30 கி.மீ. வேகத்தில் போகிறது, இன்ஜின் முன்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. நெருக்கமான ஃபின்களைவிட இடைவிட்ட ஃபின்களே இந்த வேகத்துக்கு ஏற்றவை. மேட்டில் மெதுவாக ஏறும்போது எந்த ஹெட்டும் பெரிதாக உதவாது.

கம்ப்ரஷன் கூடிய ஹெட்டைப் போட்டபின் ஸ்டார்ட் செய்யக் கஷ்டமாக இருக்கிறது. இது குறையா?

குறை அல்ல. இந்த வண்டியைப் பெடல் மிதித்து வேகம் கொடுத்து, கிளட்சை விட்டே கிளப்ப வேண்டும். அமுக்கம் கூடியதும் பின்சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதற்குப் பதிலாகச் சரளையில் வழுக்கிக்கொண்டு நிற்கும். இன்னும் சற்று வேகம் எடுத்து, உடலின் எடையைப் பின்னால் சாய்த்து, கிளட்சை ஒரேயடியாக விட்டால் கிளம்பிவிடும். அப்படியும் ஒவ்வொரு நாளும் போராட வேண்டியிருந்தால், ஹெட்டுக்கு அடியில் 0.3 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள கேஸ்கெட் போட்டு, இடைவெளி 1 மி.மீ.யைத் தாண்டவில்லை என்பதை ஈயக்கம்பியால் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எந்த ஹெட்டை வாங்குவது?

நடுக்குழியைத் தனியாகக் கழற்றி மாற்றும் வகையும் உண்டு. ஒரே துண்டாகக் கடைந்த வகையும் உண்டு. எதை வாங்குவதற்கும் முன்னால் விற்பவரிடம் மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: குழியின் கொள்ளளவு, பட்டையின் அகலம், பட்டையின் கோணம். உங்கள் பக்கத்திலிருந்தும் மூன்று எண்கள் தயாராக இருக்க வேண்டும்: ஸ்டட்டின் தடிமன், பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் ஆழம், பிஸ்டன் தலையின் குவிவு. விற்பவருக்குத் தன் எண்கள் தெரியவில்லையென்றால், பெட்டியோடு வந்த ஹெட்டையே கண்ணாடியில் தேய்த்துச் சமப்படுத்தி, நட்டுகளை மாற்றி, இடைவெளியைத் திருத்தி ஓட்டுங்கள்.